ஒன்பது நாள் பயணத்திட்டம்

முதலாம் நாள், காலை ஏழு இருபது,
லிஸ்பன் விமான நிலையம்.
சிவப்புக் கோட்டில் ஏறி, அலமேடாவில் இறங்கி,
பச்சைக் கோட்டுக்கு மாற வேண்டும்.
இதை நான் பாடமாக்கியது
நூற்றியோராம் இலக்க பஸ்ஸின் மிதிபலகையில்,
பம்பலப்பிட்டிச் சந்தியில்,
ஒரு கை கம்பியில்,
மறு கையில் சாப்பாட்டுப் பெட்டி.

பஸ்லான் சொன்னான்:
அக்கா, ஒரு நாளும் வெறுமையா இருக்கக்கூடாது.
எங்க நிக்கிறீங்க, எதில போறீங்க, எல்லாம் எழுதணும்.
வெறும் நாளைக் கண்டா அவங்களுக்குப் பயம்.

எழுதினேன்.
நாலாம் நாள் பின்னேரம் சும்மா கிடந்தது,
அதிலே ஒரு படகை ஓடவிட்டேன்.
ஆறாம் நாள் இருபத்தெட்டாம் இலக்க ட்ராம்:
மேடேறி, சந்துகளில் சுவரை உரசி,
கடைசித் தரிப்பிடம் ஒரு சேமக்காலை.
மையத்துப் பிட்டியெல்லாம் வேணாம் அக்கா என்று
கோடு கீறிவிட்டு
நூதனசாலை ஒன்றைப் போட்டான்.

வழி கேட்க நாலு சொல்லாவது வேண்டுமே.
இரவில் போனைத் தலையணையில் வைத்துக் கேட்டேன்.
ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள்:
மேஸா. கதெய்ரா. ஜனெலா. ஷாவ். சப்பாத்து.
எழும்பி இருந்து லைற்றைப் போட்டேன்.
மேசை, கதிரை, ஜன்னல், சாவி,
கதவடியில் என் ஒற்றைச் சோடிச் சப்பாத்து.
அலுமாரிக்குள் மடித்த லேஞ்சிகள்.
அறையில் பாதி அங்கிருந்து வந்து
ஐந்நூறு வருடமாய் இங்கேயே நிற்கிறது.
வரும்போது எவரும் அதனிடம்
ஆறு மாத வங்கிக் கணக்குக் கேட்கவில்லை.

புறக்கோட்டைக் கந்தோரில் எனக்கு வேலை
கறுவாக் கட்டுகளுக்குக் கடதாசி எழுதுவது.
நிறை, ஈரப்பதன், துறைமுகம்.
அவை போகும். போனால் போனதுதான்.

பதினெட்டாம் நாள் கடவுச்சீட்டு வந்தது.
அச்சடித்த பட்டியலில் ஒரு பெட்டிக்குள் புள்ளடி:
குறித்த காலத்துக்குள் திரும்பிச் செல்வீர் என்பதில்
நியாயமான ஐயம் உண்டு.

நானா?
இருபது வருடமாய் ஐந்தே முக்கால் பஸ்ஸில்
வெள்ளவத்தைக்குத் திரும்பி வருகிறவள்.
குண்டு வெடித்த நாளும் வந்தேன்,
கோட்டையிலிருந்து நடந்து.
பெற்றோல் இல்லாத மாதங்களில்
தண்டவாளத்தோரம்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டும் வந்தேன்.

லீவு ஏற்கெனவே பாஸ்.
குலசிங்க ஐயா முகத்தைப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்கவில்லை. நானும் ரத்துச் செய்யவில்லை.

முதலாம் நாள் இருட்டோடு கட்டுநாயக்காவுக்குப் போய்
உள்ளே நுழையாமல்
ஏழு இருபதுக்கு நூற்றியெண்பத்தேழில் ஏறிக்
கொழும்புக்கு வந்தேன்.
பெட்டி இல்லையா மிஸ், என்றான் கண்டக்டர்.
பின்னால் வருகுது, என்றேன்.
கோட்டையில் இறங்கிக் கோட்டை எங்கே என்று கேட்டேன்.
லொத்தர் விற்கிறவர் யோசித்தார்.
இதுதான், என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து,
அப்படித்தான் சொல்றது.

நாலாம் நாள் படகு:
பேரை வாவியில் அன்ன வடிவம், அரை மணித்தியாலம்,
தனியாளுக்கும் இரண்டு பேரின் காசு.
மிதிக்க மிதிக்க ஒரு பக்கமாகவே திரும்பியது.

ஆறாம் நாள், பஸ்லான் வெட்டியதைத்
திரும்ப எழுதிக்கொண்டு பொரளைக் கனத்தைக்குப் போனேன்.
பெரைரா. கொரெயா. டயஸ். பொன்சேகா.
கல்லெல்லாம் அந்தப் பேர்கள்,
ஒருவராவது லிஸ்பன் பார்த்திருப்பாரா?
வாங்கு ஒன்றில் இருந்து
பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுத் தின்றேன்.
முச்சக்கர வண்டிக்காரன் வேகத்தைக் குறைத்தான்:
கொழும்பு முதல் தரமா, மிஸ்?
ஓம் என்று சொன்னேன்.
இரட்டிப்பு விலை சொன்னான். கொடுத்தேன்.
வழியில் காட்டிய எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஒன்பதாம் நாளுக்கு ஒன்றும் எழுதவில்லை.